போல்ட் இறுகியது சரி, எந்த சீட்டில்? கோபாட்டை ஆலை மென்பொருளோடு இணைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னைக்குப் பக்கத்தில் ஓரகடத்தில், கார்களுக்கு முன் சீட் செய்து கொடுக்கும் ஆலை ஒன்று. அதன் லைனில் ஒரு ஸ்டேஷனில் கோபாட் ஒன்று, அதாவது ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ, சீட்டின் சட்டத்தை அடியிலுள்ள ரெயிலோடு சேர்க்கும் நான்கு போல்ட்களை இறுக்குகிறது. எதிர்ப்பக்கம் ஒருவர் நின்று அதே சீட்டுக்கு வயர் கொளுவுகிறார். நடுவில் வேலி கிடையாது. ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு டார்க்கில் (திருப்பும் விசையில்), எத்தனை பாகை திரும்பி இறுகியது என்ற பதிவு, சீட்டின் தொடர் எண்ணோடு சேர்ந்து எம்இஎஸ் எனப்படும் உற்பத்தி மேலாண்மை மென்பொருளுக்குப் போக வேண்டும்.

போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் சில சீட்டுகளின் பதிவு அடுத்த சீட்டின் எண்ணில் ஏறியிருந்தது. தரப்பிரிவுக்காரர் ஒருவர் பழைய பதிவுகளைக் கிளறும்போது, ஒரு சீட்டில் ஏழு போல்ட் இறுக்கியதாக இருந்ததைக் கண்டார். சீட்டில் இருப்பதே நான்கு. அதைத் துருவிச் சரிசெய்யும் வேலை திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் சிறிய குழுவுக்கு வந்தது. ஆலையின் பெயரும், முதலில் இந்த இணைப்பைச் செய்து கொடுத்தவர்களின் பெயரும் இங்கே தேவையில்லை. இதே அமைப்பில் இதே பிழை வேறெங்கும் வரலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

பதிவு மாறிப்போனால் என்ன, போல்ட் இறுகித்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. விபத்தில் கார் மோதும்போது ஆளின் எடையைத் தாங்கிப் பிடிக்கிற போல்ட்கள் இவை. இறுக்கும் கருவி அளவு தவறிவிட்டது என்று ஒருநாள் தெரிந்தால், ஆலை செய்யக்கூடியது ஒன்றுதான்: பதிவைப் பார்த்து, அந்தக் கருவியில் தவறான அளவு வந்த சீட்டுகளை மட்டும் பிரித்து நிறுத்துவது. பதிவு ஓர் இடம் தள்ளியிருந்தால் நல்ல சீட் நிற்கும், கெட்ட சீட் காரில் ஏறிப் போய்விடும். அந்தக் காரில் யார் உட்காருவார் என்று நமக்குத் தெரியாது.

கோபாட் என்றால் என்ன வித்தியாசம்

கார் ஆலைக்குள் ரோபோ வந்தது 1961-இல், ஜெனரல் மோட்டார்ஸின் நியூ ஜெர்சி ஆலையில் யூனிமேட் நிறுவப்பட்டபோது. அன்றிலிருந்து பல பத்தாண்டுகள் ரோபோ என்றால் வேலிக்குள் இருப்பது. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் இருவரும், ஆளோடு சேர்ந்தே பாரத்தைக் கையாளும் இயந்திரத்தை உருவாக்கினார்கள். கோபாட் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 2013-இல் பிஎம்டபிள்யூ தன் ஸ்பார்டன்பர்க் ஆலையில், கதவுக்குள் ஒலியும் ஈரமும் புகாமல் தடுக்கும் உறையை அழுத்தி ஒட்டும் வேலைக்குக் கோபாட்களை வைத்தது. 2016-இல் ஃபோர்டு ஜெர்மனியின் கொலோன் ஆலையில், ஃபியஸ்டா கார்களுக்கு ஷாக் அப்சார்பர் பொருத்த ஆளும் கோபாட்டும் சேர்ந்து நிற்கும் ஸ்டேஷன்களை அறிமுகப்படுத்தியது.

பாதுகாப்பு விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனியே எழுத வேண்டிய விஷயம். 2016-இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற ஆவணம், ஆள் கிட்டே வந்தால் நிற்பது, கையால் பிடித்து வழிநடத்துவது, தூரத்தைப் பொறுத்து வேகத்தைக் குறைப்பது, மோதினாலும் வலிக்காத அளவுக்கு விசையைக் கட்டுப்படுத்துவது என நான்கு வழிகளைச் சொன்னது. ரோபோ பாதுகாப்பின் மூல விதியான ஐஎஸ்ஓ 10218-இன் 2025-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை உள்ளே சேர்க்கப்பட்டுவிட்டன. ஓரகடம் ஸ்டேஷனில் இருப்பது நான்காவது வழி. முழங்கை பட்டால்கூட கோபாட் நின்றுவிடும். இதைப் பாதுகாப்பு நிறுத்தம் என்கிறார்கள்.

மென்பொருள் எழுதுபவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வேலிக்குள் இருக்கும் ரோபோ நடுவில் நின்றால் அது கோளாறு. மணி அடிக்கும், லைன் நிற்கும், மெக்கானிக் வருவார். கோபாட் நடுவில் நிற்பது அன்றாடம். ஆள் குனிந்து வயரை எடுப்பார், அது நிற்கும், அவர் ஒரு பொத்தானை அழுத்துவார், அது விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டுக்கும் ஒரே மாதிரி நிரல் எழுத முடியாது. எழுதினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த நிகழ்வின் கதை.

அந்த ஸ்டேஷனில் யார் யாரோடு பேசுகிறார்கள்

நான்கு பேர் பேசிக்கொள்கிறார்கள். முதலாவது ஸ்டேஷனின் பிஎல்சி, அதாவது இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி: சீட்டைச் சுமந்து வரும் பேலட்டை நகர்த்துவது, பார்கோடைப் படிப்பது அதன் வேலை. இரண்டாவது கோபாட், யுனிவர்சல் ரோபோட்ஸ் கம்பெனியுடையது. மூன்றாவது, கோபாட்டின் கையில் இருக்கும் இறுக்கும் கருவியின் கன்ட்ரோலர். நான்காவது, இவை எல்லாவற்றையும் எம்இஎஸ்ஸோடு இணைக்கும் ஒரு சிறு கணினி.

கருவியின் கன்ட்ரோலர் பேசும் மொழி ஓபன் புரோட்டோகால். அட்லஸ் காப்கோ வெளியிட்டது, இப்போது வேறு கம்பெனிகளின் கருவிகளும் இதைப் பேசுகின்றன. வழக்கமாக டிசிபி 4545-ஆம் போர்ட்டில் ஓடும். எல்லாமே சாதாரண எழுத்தும் எண்ணும்தான். ஒரு போல்ட் இறுகியதும் கன்ட்ரோலர் 0061 என்ற எண்ணுள்ள செய்தியை அனுப்பும். அதில் டார்க் 002350 என்று இருந்தால் 23.50 நியூட்டன் மீட்டர் என்று பொருள், நூறால் பெருக்கி அனுப்பும் வழக்கம். கோணம், நேரம், சரியா தவறா என்ற நிலை, ஒவ்வொரு இறுக்கத்துக்கும் தனியான ஓர் எண், எல்லாம் அந்த ஒரே வரியில் வரும். பெற்றுக்கொண்டோம் என்று நாம் 0062 அனுப்ப வேண்டும்.

அந்த வரியில் இன்னோர் இடமும் உண்டு. 25 எழுத்து அகலம், வாகனத்தின் அடையாள எண்ணுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பழைய இணைப்பில் அந்த இடம் வெறுமையாகவே வந்துகொண்டிருந்தது. யாரும் அதில் எதையும் எழுதச் சொல்லவில்லை.

அப்படியானால் எந்த சீட் என்று எப்படித் தெரிந்தது? சிறு கணினி, கடைசியாகப் படித்த பார்கோடைத் தன் நினைவில் வைத்திருந்தது. பதிவு வந்ததும் அந்த நேரத்தில் நினைவில் இருக்கும் எண்ணை ஒட்டி எம்இஎஸ்ஸுக்கு அனுப்பியது. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை இது சரிதான். பதிவு தாமதமாக வந்தால் மட்டும்தான் சிக்கல்.

மூன்றரை மணித்தியாலம்

முதலில் பதிவுகளை வரிசைப்படுத்தினோம். எம்இஎஸ் பதிவு, பிஎல்சி பதிவு, கன்ட்ரோலரின் உள்ளே இருக்கும் சேமிப்பு, மூன்றையும் ஓரகடம் பராமரிப்புப் பிரிவினர் எடுத்து அனுப்பினார்கள். இங்குள்ள கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படித்துவிட்டு எங்களோடு சேர்ந்த தங்கை ஒருவர்தான் அவற்றை ஒப்பிட உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

“அண்ணா, இந்த ரெண்டு லொக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரே இறுக்கம்தான், எண்ணும் ஒண்டுதான். ஆனா மூண்டரை மணித்தியாலம் வித்தியாசம் வருது.”

கன்ட்ரோலரின் கடிகாரம் ஐரோப்பியக் கோடை நேரத்தில் நின்றிருந்தது. நிறுவிய நாளில் யாரும் மாற்றவில்லை. ஓரகடத்துக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் பராமரிப்புப் பொறியாளர் கருவிக்குப் பக்கத்திலேயே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆமா சார், நீங்க சொல்றது கரெக்ட். இதுல டைம் தப்பாத்தான் ஓடுது. ரிசல்ட் உடனே உடனே வந்துடுதே, இதை யாரு சார் பாக்கப் போறாங்க?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எம்இஎஸ் தன்னுடைய கடிகாரத்தில் நேரத்தைப் போட்டுக்கொண்டதால் கருவியின் நேரத்தை யாரும் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் தாமதமாக வந்த பதிவு எது, உடனே வந்த பதிவு எது என்று பிரிக்க அந்த ஒரு நேரம்தான் ஆதாரம். நேர வித்தியாசத்தைக் கழித்துப் போட்டதும் படம் தெளிந்தது. பெரும்பாலான பதிவுகள் இறுகிய கணமே வந்திருந்தன. சில மட்டும் பல விநாடிகள் கழித்து, கும்பலாக வந்திருந்தன.

இலங்கையில் 1996 முதல் 2006 வரை கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்த காலத்தில், இந்த மாகாணத்தில் ஒரு பக்கம் புதிய நேரம், ஒரு பக்கம் பழைய நேரம் என்று ஓடியது. எத்தனை மணிக்கு என்று யாராவது சொன்னால், எந்த நேரத்தில் என்று திருப்பிக் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். இணைப்பு வேலையில் எந்தக் கருவியைத் தொட்டாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். ஆலைக்குள் ஒரு நேர சர்வரை வைத்து, பிஎல்சி, கோபாட், கன்ட்ரோலர், கணினி எல்லாவற்றையும் அதோடு ஒத்திசைக்கச் சொன்னோம். மற்ற எதையும் தொடுவதற்கு முன்பே இதைச் செய்தாயிற்று.

கும்பலாக வந்த பதிவுகள்

கும்பலாக வருவதற்குக் காரணம் எளிது. சிறு கணினியோடு இணைப்பு அறுந்தால் கன்ட்ரோலர் பதிவுகளைத் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும். இணைப்பு திரும்பியதும் வரிசையாக அனுப்பும். அது நல்ல குணம். சேர்த்து வைத்தது வந்து சேர்வதற்குள் பேலட் நகர்ந்து அடுத்த சீட்டின் பார்கோடு படிக்கப்பட்டிருந்தால், பழைய போல்ட்கள் புதிய சீட்டில் ஏறும். ஏழு போல்ட் சீட் வந்தது இப்படித்தான்.

அதற்கு முந்திய சீட்டில் என்ன ஆனது? நான்கு பதிவு வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்திருக்கும். திரை சிவப்பாகும். லைன் நிற்கக் கூடாது. மேற்பார்வையாளர் வந்து போல்ட்களைப் பார்ப்பார், இறுகியிருக்கும், திரையில் ‘கையால் சரி’ என்ற பொத்தானை அழுத்தி அனுப்பிவிடுவார். அவர் செய்ததில் தவறு சொல்ல மாட்டேன். அவர் கண் முன்னால் போல்ட் இறுகித்தான் இருந்தது, அவருக்கு வேறு பொத்தானும் கொடுக்கப்படவில்லை. எங்களுக்குத் தடயமாக அமைந்ததும் அதுதான். ‘கையால் சரி’ விழுந்த சீட்டுகளுக்கு அடுத்த சீட்டைப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே கூடுதல் பதிவு இருந்தது.

ஆனால் இணைப்பு ஏன் அறுந்துகொண்டே இருந்தது? ஆலையில் எல்லோரும் வயரைச் சந்தேகித்தார்கள். கேபிளை மாற்றினார்கள், ஸ்விட்சை மாற்றினார்கள். அறுந்த நேரங்களைக் கோபாட்டின் சொந்தப் பதிவோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன் பாதுகாப்பு நிறுத்தம் ஒன்று நடந்திருந்தது.

பழைய நிரல் இப்படி எழுதப்பட்டிருந்தது: கோபாட்டுக்கு வேலை தொடங்கச் சொல்லிவிட்டு, முடிந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு, எல்லா இணைப்புகளையும் மூடித் திறக்கும். ஆள் கை பட்டுக் கோபாட் நிற்கிறது, நேரம் கடக்கிறது, நிரல் கருவியின் இணைப்பையும் சேர்த்து அறுக்கிறது. அதற்குள் ஆள் பொத்தானை அழுத்த, கோபாட் மிச்சப் போல்ட்களை ஒழுங்காக இறுக்கி முடித்துவிடுகிறது. அந்தப் பதிவுகளை வாங்கத்தான் அங்கே யாரும் இல்லை. கேபிளில் பழுதே இருக்கவில்லை. கோபாட் எதற்காக வாங்கப்பட்டதோ அந்த நடத்தையையே நிரல் பழுது என்று நினைத்திருந்தது.

லைனைப் போய்ப் பார்த்தது

எங்களில் ஒருவர் பலாலியிலிருந்து சென்னை விமானத்தைப் பிடித்துப் போய் ஒரு ஷிப்ட் முழுக்க அந்த ஸ்டேஷன் அருகில் நின்றார். பதிவுகளைப் பார்த்துத் தெரியாதது ஒன்று அங்கே தெரிந்தது. வயர் வைத்திருந்த பெட்டி கோபாட்டின் கைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஆள் கோபாட்டின் முழங்கைக்கு மேலாகக் குனிந்து எடுக்க வேண்டும். முறை மாறி நிற்பவர்களில் கொஞ்சம் உயரம் குறைந்தவருக்கு ஏறக்குறைய தவறாமல் தோள் படும்.

பெட்டியை இந்தப் பக்கம் மாற்றினார்கள். பாதுகாப்பு நிறுத்தங்கள் சட்டென்று குறைந்தன. அப்படியே விட்டிருந்தால் பிழையும் கண்ணில் படாமல் மறைந்திருக்கும், எல்லோரும் திருப்தியாக இருந்திருப்பார்கள். ஆனால் நிறுத்தம் அரிதாக வந்தாலும் பதிவு தவறான சீட்டில்தான் ஏறும். நிரலைத் திருத்தாமல் விடக் கூடாது என்று ஆலையோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. தரப்பிரிவு எங்கள் பக்கம் நின்றது.

திருத்திய அமைப்பு

அடிப்படை முடிவு ஒன்றே: எந்த சீட் என்பதைப் பதிவு வந்த பிறகு ஒட்டக் கூடாது. போல்ட் இறுகும் முன்பே கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பேலட் வந்து பார்கோடு படிக்கப்பட்டதும், கணினி அந்த எண்ணை 0050 என்ற செய்தியில் கன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. அந்த 25 எழுத்து இடம் சீட்டின் தொடர் எண்ணால் நிரம்புகிறது. அடுத்து 0018-இல், இந்த மாடலுக்கு எந்த அளவுத் தொகுப்பு என்று சொல்கிறது. இரண்டுக்கும் 0005, அதாவது ஏற்றுக்கொண்டேன் என்ற பதில் வந்த பிறகே 0043 அனுப்பிக் கருவியை இயங்க விடுகிறது. அதுவரை கருவி 0042-இல் பூட்டியே இருக்கும். கருவி தயார் என்று தெரிந்ததும்தான் பிஎல்சி கோபாட்டைப் போகச் சொல்லும். இணைப்பு நடுவில் அறுந்து பதிவு எவ்வளவு தாமதமாக வந்தாலும், சீட் எண் அதன் வயிற்றிலேயே இருக்கிறது. கணினியின் நினைவில் இருப்பதை யாரும் நம்பத் தேவையில்லை.

பதிவு வந்ததும் கணினி முதலில் தன் டிஸ்க்கில் எழுதுகிறது. எழுதி முடிந்த பிறகே 0062 அனுப்புகிறது. இந்த வரிசையில் நாங்கள் மிகவும் கண்டிப்பாக இருந்தோம். பெற்றுக்கொண்டோம் என்று சொல்லிவிட்டு, எழுதும் முன் கரண்ட் போனால் அந்தப் பதிவு இரண்டு பக்கத்திலும் இல்லாமல் போகும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த ஊரில் வேலை செய்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிஸ்க் நிரம்பினால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே எழுதி வைத்தோம். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றுபோயின. உதிரிப்பாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் பராமரிப்பு வேலையின்போது டிஸ்க் இடம் போதாமல் போனதே காரணம் என்று கம்பெனியே பிறகு அறிவித்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே நடந்தது. எங்கள் கணினியில் குறிப்பிட்ட அளவு நிரம்பியதுமே பராமரிப்புப் பிரிவுக்குச் செய்தி போகும். எம்இஎஸ் பெற்றுக்கொண்ட பதிவுகளை மட்டுமே கணினி அழிக்கும்.

கணினியிலிருந்து எம்இஎஸ்ஸுக்கு எம்க்யூடிடி. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கப்பட்ட நெறிமுறை இது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. இணைப்பு விட்டுவிட்டு வரும் இடங்களுக்காகவே பிறந்தது. அதில் செய்தி ஒருமுறையாவது நிச்சயம் போகும் என்ற நிலையை எடுத்தோம். ஒரே செய்தி இரண்டு முறை போகவும் அதில் வாய்ப்புண்டு. அதனால் ஒவ்வோர் இறுக்கத்துக்கும் கன்ட்ரோலர் தரும் தனி எண்ணையும் கருவியின் பெயரையும் சேர்த்துச் சாவியாக வைத்தோம். ஒரே சாவி இரண்டாம் முறை வந்தால் எம்இஎஸ் பேசாமல் ஏற்றுக்கொண்டு விட்டுவிடும். சரியாக ஒரே ஒருமுறை என்ற உயர்ந்த நிலையும் எம்க்யூடிடியில் இருக்கிறது, ஆனால் அது புரோக்கர், அதாவது நடுவில் செய்தியை வாங்கிக் கொடுக்கும் சர்வர், வரைக்கும்தான். தரவுத்தளத்தில் எழுதும்வரை காவல் வேண்டுமானால் சாவி இல்லாமல் முடியாது.

பிஎல்சியோடு பேச ஓபிசி யுஏ என்ற நெறிமுறையை வைத்தோம். ஸ்டேஷன் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பெயரோடும் வகையோடும் படிக்க அது வசதி. கோபாட்டிடமிருந்து படிக்க மட்டும் ஆர்டிடிஇ என்ற அதன் தரவு இணைப்பு, 30004-ஆம் போர்ட்டில். புதிய கோபாட்களில் அது விநாடிக்கு 500 முறை வரை தரவு தரும். அவ்வளவையும் எம்இஎஸ்ஸுக்கு அனுப்பச் சொல்லி ஒரு யோசனை வந்தது. நிலை மாறும்போது ஒரு செய்தி போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

ஆள் தொட்டால் நிற்கும், ஆளே முடிக்கலாம்

எங்கள் குழு அதிக நேரம் செலவழித்தது நெறிமுறைகளில் அல்ல, ஸ்டேஷனின் நிலைகளை வரைவதில்தான். பழைய நிரலில் காத்திருக்கிறது, வேலை செய்கிறது, முடிந்தது, கோளாறு என்று நான்குதான். புதியதில் ‘இடைநின்றது’ என்பது தனி நிலை. அதில் நேரக் கெடு கிடையாது. இணைப்பு எதுவும் மூடப்படாது. ஆள் தொடரச் சொல்லும்வரை சீட் அப்படியே நிற்கும், திரை மஞ்சளாக இருக்கும்.

பாதியில் இறுகி நின்ற போல்ட்டை என்ன செய்வது? மீண்டும் இறுக்கினால் டார்க் எட்டிவிடும், ஆனால் கோணம் குறைவாக வரும். ஏற்கெனவே முழுக்க இறுகிய போல்ட்டில் கருவி மறுபடி ஏறினாலும் அப்படித்தான், கோணம் மிகச் சிறியதாக வரும். டார்க்கை மட்டும் பார்த்தால் எல்லாமே சரியாகத் தெரியும். கோணத்துக்கும் கீழ்வரம்பு வைத்தால்தான் பிடிபடும். அந்தப் போல்ட்டைக் கழற்றி மறுபடி போடுவதா, புதிய போல்ட் போடுவதா என்பதைத் தரப்பிரிவு எழுத்தில் முடிவு செய்து கொடுத்தது. மென்பொருள் எழுதுபவர்கள் ஊகித்து வைக்கக் கூடிய விஷயம் இல்லை அது.

‘கையால் சரி’ பொத்தானை எடுத்துவிட்டோம். பதிலாக, பதிவு செய்யும் கைக்கருவி ஒன்றை ஸ்டேஷனில் தொங்கவிட்டு அதையும் இணைத்தோம். கோபாட் விட்ட போல்ட்டை ஆள் அதில் இறுக்கினால், அதே சீட் எண்ணில், வேறு கருவியின் பெயரில் உண்மையான டார்க்கும் கோணமும் பதிவாகும். ‘ஆள் முடித்தது’ என்பதும் ஒரு மரியாதையான நிலைதான். மேற்பார்வையாளர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். அவர்கள் பேரில் விழுந்துகொண்டிருந்த பொறுப்பு இப்போது கருவியின் பதிவுக்குப் போய்விட்டது என்று புரிந்ததும், பக்கத்து ஸ்டேஷனுக்கும் அதே கைக்கருவி வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள்.

நாங்கள் மறுத்த ஒன்று

பாதுகாப்பு நிறுத்தத்தை மேற்பார்வையாளரின் டேப்லெட்டிலிருந்தே விடுவிக்க வழி செய்யுங்கள் என்று ஆலை கேட்டது. தொழில்நுட்பமாக முடியும். இந்தக் கோபாட்டில் 29999-ஆம் போர்ட்டில் டாஷ்போர்டு சர்வர் ஒன்று உண்டு. அங்கே ஒரு வரி அனுப்பினால், நின்று 5 விநாடி கழிந்திருந்தால், பூட்டு விலகும். கடவுச்சொல்லும் கேட்காது.

செய்ய மாட்டோம் என்று சொன்னோம். கை எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாத ஒருவர் கோபாட்டை நகர விடக் கூடாது. தொடர்வதற்கான பொத்தான் ஸ்டேஷனிலேயே, ஆள் முழு இடத்தையும் பார்க்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். பாதுகாப்பு சம்பந்தமான எதுவும் எங்கள் மென்பொருள் வழியாகப் போகாது. அது பாதுகாப்பு பிஎல்சியும் அதற்கென்று போட்ட இணைப்பும் செய்கிற வேலை. எங்கள் கணினி முழுக்க அணைந்து கிடந்தாலும் கோபாட் தொட்டால் நிற்க வேண்டும், அதைச் சோதித்தும் பார்த்தோம். அந்த 29999 போர்ட்டை ஆலையின் பொது வலையமைப்பிலிருந்து எட்ட முடியாதபடி ஸ்டேஷனைத் தனி வலையமைப்பாகப் பிரித்துவிட்டோம். வெளியே தெரிவது எங்கள் கணினி மட்டும். ஐஎஸ்ஓ 10218-இன் 2025 பதிப்பு இணையப் பாதுகாப்பையும் ரோபோ பாதுகாப்பின் பகுதியாகவே பேசுகிறது, அதைக் காட்டியதும் ஆலை நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

உவர்மலையில் இருந்து சோதித்தது

எங்கள் அறையில் கோபாட் கிடையாது. யுஆர்சிம் என்ற சிமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது, லினக்ஸில் ஓடும், உண்மையான கோபாட்டின் அதே போர்ட்களில் பேசும். கருவியின் கன்ட்ரோலருக்குப் பதிலாக, ஓபன் புரோட்டோகால் பேசும் சிறிய நிரலை நாங்களே எழுதினோம். இரண்டையும் ஓடவிட்டு, இறுக்கம் நடக்கும்போதே இணைப்பை அறுப்பது, கணினியின் மின்சாரத்தைப் பிடுங்குவது, ஒரே பதிவை இரண்டு முறை அனுப்புவது, கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது என்று முடிந்த எல்லாக் குறும்பும் செய்தோம். ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதைவிட, அறுந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் சோதனை.

சிமுலேட்டர் தராதது ஒன்று உண்டு. உண்மையில் ஆள் மோதும்போது கோபாட் எந்தக் கோணத்தில் நிற்கும், கருவி போல்ட்டில் சிக்கிக்கொண்டு நிற்குமா, விலகி நிற்குமா என்பது அங்கே தெரியாது. அதற்கு ஓரகடத்திலேயே, உற்பத்தி இல்லாத ஞாயிறுகளில், கழிவுச் சீட்டுகளை வைத்து வேண்டுமென்றே தட்டித் தட்டிப் பார்த்தார்கள். நாங்கள் இங்கிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டே பதிவுகளைப் படித்தோம்.

பழைய இணைப்பும் புதியதும் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. பழையது எம்இஎஸ்ஸுக்கு எழுதியது, புதியது தனியாக எழுதியது. இரண்டும் வேறுபட்ட ஒவ்வோர் இடத்திலும் கன்ட்ரோலரின் சேமிப்பைத் திறந்து எது உண்மை என்று பார்த்தோம். எல்லா இடத்திலும் புதியது சரியாக இருந்த பிறகே மாற்றினார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் நடக்கும் அந்தப் பேச்சு வார்த்தையால் ஒரு விநாடிக்குக் குறைவான நேரம் கூடுகிறது. லைன் அதைத் தாங்கிக்கொண்டது.

பழைய பதிவுகளை என்ன செய்வது என்பது வேறு வேலையாகப் போயிற்று. கன்ட்ரோலரின் சேமிப்பில் இன்னும் இருந்தவற்றைத் திருத்திய நேரத்தோடு பொருத்திச் சரியான சீட்டுக்கு மாற்றினோம். சேமிப்பு சுழன்று அழிந்துவிட்ட காலத்துக்கு முந்தியவற்றை, சந்தேகத்துக்குரியவை என்று குறியிட்டு வைக்க மட்டுமே முடிந்தது. அந்தச் சீட்டுகளைப் பற்றிய முடிவைத் தரப்பிரிவும் கார் கம்பெனியும் சேர்ந்து எடுத்தன.

இங்கே படிக்கும் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கோணேசபுரி வளாகத்திலோ தொழில்நுட்ப நிறுவனத்திலோ படிப்பவர், கார் ஆலை இல்லாத ஊரில் இதைக் கற்க முடியாது என்று நினைக்க வேண்டாம். யுஆர்சிம், மொஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி புரோக்கர், பைத்தானில் ஓபிசி யுஏ நூலகம் ஆகிய மூன்றும் இலவசம். ஓபன் புரோட்டோகாலின் விவர ஆவணமும் இணையத்தில் கிடைக்கிறது. ஒரு சாதாரண மடிக்கணினியில் மேலே சொன்ன முழு ஸ்டேஷனையும் ஓட விடலாம். இணைப்பை அறுத்துப் பாருங்கள், உங்கள் பதிவு எந்த சீட்டில் ஏறுகிறது என்று பாருங்கள்.

இப்போது பின் சீட் லைனிலும் இதே வேலை நடக்கிறது. அங்கே இரண்டு கோபாட்கள் ஒரே பேலட்டில் வேலை செய்கின்றன. ஒன்று இடைநின்றால் மற்றது தொடரலாமா என்பதில் தரப்பிரிவும் உற்பத்திப் பிரிவும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் முடிவு எழுத்தில் வரும்வரை இரண்டும் சேர்ந்தே நிற்கும்படி வைத்திருக்கிறோம்.